சார்ட்டில் ஓய்வையும் எழுதிக் கொடுங்கள்

உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் மாஸ்டர்களுக்கும், அங்கே பயிற்சி சொல்லித்தரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருக்கலாம். பெரும்பாலும் ஒரே சார்ட்தான். திங்கள் செஸ்ட், ட்ரைசெப்ஸ். செவ்வாய் பேக், பைசெப்ஸ். புதன் ஷோல்டர், லெக். வியாழனிலிருந்து மறுபடி அதே வரிசை. ஞாயிறு விடுமுறை. அந்த ஞாயிறும் உடம்பு கேட்டதற்காக விட்டதில்லை. அன்று கூடத்தைப் பூட்டுகிறோம், அதனால் விட்டது.

நானும் பல வருடங்களாகப் பயிற்சி கொடுக்கிறவன்தான். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. எத்தனை செட், எத்தனை ரெப்ஸ் என்று எழுதித் தருகிற நாமே, அடுத்து எந்த நாள் வர வேண்டும், எந்த நாள் வரக் கூடாது என்பதையும் எழுதித் தர வேண்டும். ஆளுக்கு ஆள் பார்த்து எழுதித் தர வேண்டும். ஓய்வைப் பையனின் சோம்பேறித்தனமாகவோ, அவனாக எடுத்துக்கொள்ளும் லீவாகவோ பார்க்கிற பழக்கம் நம் கூடங்களை விட்டுப் போக வேண்டும். "நேத்து ஏன் வரல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறோம் அல்லவா, அந்தக் கேள்விக்குப் பயந்து காய்ச்சலோடு வந்து பார் தூக்குகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தசையை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்தச் சார்ட் மோசமில்லை. திங்கள் செய்த செஸ்ட்டை வியாழன்தான் தொடுகிறோம். நடுவில் 72 மணி நேரம் கிடைக்கிறது. இப்படி நீங்கள் பதில் சொன்னால் அது நியாயமான பதிலே. ஆனால் அதே சார்ட்டை மூட்டுகளின் பக்கம் நின்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ்ஸில் நெஞ்சோடு சேர்ந்து தோளின் முன்பக்கமும் உழைக்கிறது. அப்படியானால் முன்தோளுக்குத் திங்கள் வேலை, புதன் வேலை, வியாழன் வேலை, சனி வேலை. முழங்கைக்கோ ஆறு நாளும் வேலை: ஒரு நாள் ட்ரைசெப்ஸ், மறுநாள் பைசெப்ஸ், அதற்கடுத்த நாள் ஷோல்டர் பிரஸ். செவ்வாய்க்கிழமை டெட்லிஃப்டிலும் பார்பெல் ரோவிலும் தாங்கி நின்ற கீழ்முதுகு, இருபத்து நாலு மணி நேரம் கழித்து ஸ்குவாட்டில் மறுபடி சுமக்கிறது. சார்ட் உடம்பை ஆறு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. உடம்போ அப்படிப் பிரிந்து வேலை செய்வதில்லை.

தசையை எலும்போடு பிணைக்கிற தசைநாண்கள் இதில்தான் அடிபடுகின்றன. கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் உருவாவதும் சிதைவதும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம்வரை சிதைவின் கையே ஓங்கியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்பி, ஏறக்குறைய 72 மணி நேரம்வரை லாபத்திலேயே நிற்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2010-இல் இதைத் தொகுத்து எழுதினார்கள். நஷ்டத்தில் இருக்கும் நேரத்திலேயே மறுபடி மறுபடி அதே மூட்டுக்குப் பாரம் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நான்காவது மாதத்தில் "மாஸ்டர், கை மடக்கினா முட்டிக்குள்ள சுருக்குன்னு குத்துது" என்று வந்து நிற்கிற பையனுக்கு நாம் பெல்ட்டும் பேண்டேஜும் ஸ்பிரேயும் தருகிறோம். அவனுக்குத் தேவையாக இருந்தது புதன்கிழமை வீட்டில் இருப்பது.

தசையின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நமக்கு உறுதியான அளவுகள் இருக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1995-இல் வெளியான ஆய்வு ஒன்று. இளைஞர்களுக்கு ஒரு கைக்கு மட்டும் கடுமையான பைசெப்ஸ் பயிற்சி கொடுத்து, மறு கையோடு ஒப்பிட்டு, தசைக்குள் புரதம் உருவாகும் வேகத்தை அளந்தார்கள். நாலு மணி நேரத்தில் அது 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. 36 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வில், இதுவரை வெயிட் எடுத்துப் பழகாதவர்களை வைத்துப் பார்த்தபோது 48 மணி நேரத்திலும் அந்த வேகம் 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதாவது பையன் பாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போன பிறகு, அவன் தூங்கி, எழுந்து, வேலைக்குப் போய், மறுபடி தூங்குகிற நேரம் முழுக்கத் தசை கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தளம் போட்ட மறுநாள் கொத்தனார் அதன்மேல் சுவர் எழுப்புவதில்லை. தண்ணீர் கட்டி, ஆள் நடமாட்டத்தைக் குறைத்து இறுக விடுகிறார். நம்மிடம் வருகிற பாதிப் பையன்கள் கட்டட வேலை பார்த்தவர்கள். இதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நம்மில் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். முதல் வாரத்தில் அதிகம் வலிக்கிறது என்றால் அதிகம் வளர்கிறது என்று நினைக்கிறோம். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பயிற்சிக்குப் பிறகு புரதம் உருவாகும் வேகம் மிக அதிகமாக இருந்தாலும் அது தசை பெருப்பதோடு தொடர்பில்லாமல் இருந்தது. சேதமான இழைகளைச் சரிசெய்யவே அது செலவாகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் சேதம் குறைந்த பிறகுதான் அதே வேலை வளர்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் நாளிலேயே பையனை நொண்டி நொண்டி மாடிப்படி இறங்க வைப்பது நம் திறமைக்குச் சான்று ஆகாது. இருக்கிற வீட்டை இடித்துவிட்டு அவனைத் திரும்பக் கட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வலியைப் பற்றிக் கேட்டால் "லாக்டிக் ஆசிட் இறங்கியிருக்கு, தொடர்ந்து அடிச்சா கரைஞ்சிடும்" என்று சொல்கிற வழக்கம் இருக்கிறது. லாக்டேட் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து அகன்றுவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற வலி வேறு. பாரைக் கட்டுப்படுத்தி இறக்கும்போது, நீண்டுகொண்டே பாரம் தாங்குகிற தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைத் தொடர்ந்து வரும் அழற்சியுமே அதற்குக் காரணம். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போகும். வலி இருந்தால் நடக்கலாம், லேசாக அசைக்கலாம். அதே தசைக்கு மறுபடி கனமான வெயிட் ஏற்றக் கூடாது. வலி போய்விட்டது என்பதாலேயே பலம் திரும்பிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வலியை விட நம்பகமான அளவுகோல் பையனின் நோட்டுப் புத்தகம். போன வாரம் 40 கிலோவில் எட்டு ரெப்ஸ் போட்டவன் இந்த வாரம் ஆறுக்குத் திணறுகிறான், அடுத்த முறையும் அதே கதை என்றால் அவனுக்கு ஓய்வு போதவில்லை. அப்போது ஸ்பாட் பிடித்துக்கொண்டு "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று கத்துவதால் ஒன்றும் கூடிவிடாது.

வலியோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே, முதல் நாள் வந்தவனை நூறு பஸ்கி, அதற்கு மேல் லெக் பிரஸ், அதற்கு மேல் லஞ்சஸ் என்று ஏற்றினால், தசை இழைகள் பெரிய அளவில் உடைந்து அதற்குள் இருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்ட முடியாமல் திணறுகிறது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில், அல்லது கோலா நிறத்தில் போகும். தசை வீங்கி, தொட்டாலே வலிக்கும். கையையோ காலையோ தூக்க முடியாது. ராப்டோமயோலிசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, இளநீர் குடித்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கிடையாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் செயலிழக்கலாம். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் இந்த நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்விக்கு வருகிறேன். "பளு தூக்கும் வீரர்கள் தினமும்தானே தூக்குகிறார்கள்?" ஆமாம், தூக்குகிறார்கள். பல்கேரியாவின் இவான் அபஜியேவ் தன் வீரர்களை ஒரே நாளில் பல முறை, உச்ச எடைக்குப் பக்கத்திலேயே தூக்க வைத்தார். அந்தச் சிறிய நாடு உலகையே வென்றது. அந்த முறையை மேற்கோள் காட்டுகிறவர்கள் 1988 சியோல் ஒலிம்பிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு பல்கேரிய வீரர்களின் தங்கம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோனது, அணியே பாதியில் விலகியது. முறையைத் தாங்க முடியாமல் வழியிலேயே உடைந்து விலகியவர்களின் பெயர் எந்தப் பதக்கப் பட்டியலிலும் இருக்காது. இன்னொன்று, ஸ்னாட்ச்சிலும் கிளீன் அண்ட் ஜெர்க்கிலும் வீரர் எடையைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக் கீழே போட்டுவிடுகிறார்; நம் பையன்களைப் போல மெதுவாக இறக்குவதில்லை. தசைக்கு அதிகச் சேதம் தருகிற பாதி அங்கே பெரும்பாலும் இல்லை. அவர்களின் தினசரிப் பயிற்சியில் பெரும்பகுதி நுணுக்கத்துக்கானது. எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். தேசிய முகாமில் இருப்பவருக்குச் சாப்பாடு, மதியத் தூக்கம், பிசியோ எல்லாம் பயிற்சியோடு சேர்ந்தே வருகின்றன.

அப்படியும் உடம்புக்கு எல்லை உண்டு. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் நமக்குத் தெரிந்தவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போவதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது தொடையில் காயம். முழுமையாகக் குணமாகாத உடம்போடு 317 கிலோ தூக்கி மறுபடி தங்கம். அவருக்கே தொடை தன் எல்லையைச் சொல்லியிருக்கிறது என்றால், காலையில் கல்லூரி, மாலையில் உணவு டெலிவரி, இரவு எட்டரைக்கு ஸ்குவாட் என்று ஓடுகிற பையனின் தொடை சொல்லாமல் இருக்குமா?

ஆணழகன் மேடைக்குப் போகிறவர்களின் சார்ட்டும் இதே வகையில் பிரச்சினைதான், இதை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். ஊசி போடுகிறவரின் உடம்பு திரும்பத் தேறுகிற வேகம் வேறு. 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் பத்து வாரம், வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 3.2 கிலோ கூடியது. ஊசி போடாமல் ஒழுங்காக வெயிட் எடுத்தவர்களுக்குக் கூடியது 1.9 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவர் உழைத்தவரை முந்திவிட்டார். ஆகவே அப்படிப்பட்ட ஒருவர் வாரம் ஆறு நாள், நாளுக்கு இரண்டு வேளை செய்கிறார் என்ற தகவலிலிருந்து மருந்தில்லாத பையனுக்கு எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. போட்டியாளரின் சார்ட்டைப் புதுப் பையனிடம் கொடுப்பவர், தெரிந்தோ தெரியாமலோ அவனை அந்த ஊசியின் பக்கம் தள்ளுகிறார். சார்ட்டுக்கு ஈடுகொடுக்க முடியாதவன் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பி, அதை நிரப்ப வழி தேடுவான்.

அப்படியானால் எவ்வளவு ஓய்வு? சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவருக்கு வாரம் மூன்று நாள் போதும். ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும், நாலைந்து பெரிய பயிற்சிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதில் எல்லாத் தசைக்கும் எல்லா மூட்டுக்கும் குறைந்தது 48 மணி நேரம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் புதியவர்களுக்கு வாரம் இரண்டு, மூன்று நாளைத்தான் சொல்கிறது. கனமான ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்த நாளுக்குப் பிறகு கீழ்முதுகுக்கு 72 மணி நேரம் கொடுங்கள். ஒரு வருடம் தாண்டியவர்களை நாலு நாளுக்குக் கொண்டுபோகலாம்: இரண்டு நாள் மேலுடம்பு, இரண்டு நாள் கீழுடம்பு. ஆறு நாள் வர வேண்டிய தேவை உள்ளவர் நூற்றில் ஓரிருவர் இருப்பார், அவரை உங்களுக்கே தெரியும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ என்று டாக்டர் அனுப்பி வருகிற நாற்பது, ஐம்பது வயது அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் வாரம் இரண்டு நாளே நல்ல தொடக்கம். உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் குறைந்தது இரண்டு நாள்தான். அவர்களைத் தினமும் வரச்சொல்லி, முட்டி பிடித்துக்கொண்டு, ஒரேயடியாக நின்றுபோக விடாதீர்கள்.

இதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதக் கூடாது. திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு 48 மணி நேரம் என்பது கடிகாரத்தில் மட்டும்தான் 48. சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டு அளந்தபோது டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுப் பயிற்சி பகலிலேயே முடிந்துவிட்டது. போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் 1500 மீட்டர் ஓடிக் கயிறு ஏறுகிற பையனுக்குக் காலும் பிடியும் ஏற்கெனவே களைத்திருக்கும். அவனுக்கு மாலையில் லெக் டே எழுதினால் ஓட்டமும் போகும், காலும் போகும். அதனால் சேர்க்கை நோட்டில் பெயர், வயது, எடைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கேள்வி வேண்டும்: என்ன வேலை, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், மதியம் என்ன சாப்பிடுகிறாய். மதியம் டீயும் பன்னும் சாப்பிடுகிறவனுக்கு ஓய்வு நாள் கொடுத்தாலும் கட்டுவதற்குச் செங்கல் இல்லை. முட்டை, சுண்டல், பருப்பு, மீன் என்று அவன் வீட்டுக்குக் கட்டுப்படியாகிறதைச் சொல்லுங்கள், பவுடர் டப்பாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செட்டுக்கு நடுவிலான ஓய்வைப் பற்றி ஒரு வரி. கூட்டம் நெருக்குவதால் ஒரு நிமிடத்தில் அடுத்த செட்டுக்கு விரட்டுகிறோம். பெரிய பயிற்சிகளுக்கு இரண்டு, மூன்று நிமிடம் கொடுத்தவர்களுக்குத்தான் பலமும் கூடியிருக்கிறது, தசையும் கூடியிருக்கிறது.

"ஒரு வாரம் விட்டா எல்லாம் போயிடும் மாஸ்டர்" என்ற பயத்தைப் போக்க வேண்டியதும் நாம்தான். பரீட்சை, அறுவடை, அக்கா கல்யாணம், சபரிமலைக்கு மாலை, ரம்ஜான் நோன்பு என்று நம் வாழ்க்கையில் இடைவெளி வந்துகொண்டேதான் இருக்கும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஆய்வில் ஒரு குழு 24 வாரம் இடைவிடாமல் பெஞ்ச் பிரஸ் செய்தது. இன்னொரு குழு ஆறு வாரம் செய்து மூன்று வாரம் நிறுத்தி, மறுபடி ஆறு வாரம் செய்து மூன்று வாரம் நிறுத்தி, கடைசியாக ஆறு வாரம் செய்தது. முடிவில் இரண்டு குழுவுக்கும் பலமும் தசையும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தன. பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தவனிடம் "எல்லாம் போச்சு, முதல்ல இருந்து ஆரம்பி" என்று சொல்கிற மாஸ்டரால்தான் பலர் திரும்பி வருவதே இல்லை.

பண விஷயத்தையும் பேசிவிடுவோம். மாதக் கட்டணம் கட்டியவனை மூன்று நாள் மட்டும் வரச்சொன்னால் காசுக்குப் பலனில்லை என்று நினைத்துப் பக்கத்துக் கூடத்துக்குப் போய்விடுவானோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. வாடகை, கரண்ட் பில், மெஷின் தவணை எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை, முதல் மாதம் ஆறு நாளும் வந்தவர்கள்தான் மூன்றாவது மாதம் காணாமல் போகிறார்கள். டியூஷன் சென்டரில் செய்வதுபோல் திங்கள், புதன், வெள்ளி ஒரு பேட்ச், செவ்வாய், வியாழன், சனி இன்னொரு பேட்ச் என்று பிரித்துப் பாருங்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை ஒரே பெஞ்சுக்கு நாலு பேர் வரிசையில் நிற்பது பாதியாகும். இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்க்கலாம். முக்கியமாக, ஒவ்வொருவர் ஸ்குவாட்டையும் நின்று பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஓய்வு நாளில் பையன் சும்மா வந்து உட்கார்ந்தால் விரட்ட வேண்டாம். அவன் சிநேகிதர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். தோளைச் சுழற்றட்டும், இடுப்பை நீட்டி மடக்கட்டும், மைதானத்தை நாலு சுற்று நடந்துவிட்டு வரட்டும். பாரில் மட்டும் பிளேட் ஏற்ற விடாதீர்கள்.

பொங்கல் முடிந்ததும் புதுச் சேர்க்கை வரும், கோடை விடுமுறையில் அதைவிடக் கூட்டம் வரும். அதற்குள் பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டு, மூன்று நாள், நாலு நாள் என இரண்டு சார்ட்டாக எழுதி ஒட்டுங்கள். வேலைநாள் எழுதிய அதே பெரிய எழுத்தில் ஓய்வு நாளையும் எழுதுங்கள். உங்கள் கூடத்தில் வேறு கணக்கு நன்றாக வேலை செய்கிறது என்றால், பையன்களின் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பேச நான் தயார்.

அன்புடன்,
உங்களைப் போல் பயிற்சி கொடுக்கும் ஒருவன்